எஸ்.பி. ரோடு கொட்டேஷனைப் படிப்பது எப்படி? முதல் கேமிங் பிசி வாங்குபவர்களுக்கு

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் எந்தக் கடையில் ஏறி "கேமிங் பிசி வேணும்" என்றாலும் முதலில் வரும் கேள்வி "பட்ஜெட் எவ்ளோ சார்?" என்பதுதான். தொகையைச் சொன்னதும் ஒரு துண்டுச் சீட்டில் கிட்டத்தட்ட இப்படி எழுதித் தருவார்கள்:

ஐ7 பிராசசர்
மதர்போர்டு
16 ஜிபி ராம்
512 எஸ்எஸ்டி
4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு
450 வாட் எஸ்எம்பிஎஸ்
ஆர்ஜிபி கேபினெட்

பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இதில் ஒரு வரியிலாவது என்ன சாமான் என்று முழுசாக எழுதியிருக்கிறதா பாருங்கள். ஐ7 என்றால் எந்தத் தலைமுறை? கிராபிக்ஸ் கார்டு என்ன மாடல்? எஸ்எம்பிஎஸ் எந்தக் கம்பெனி? கடைக்காரரின் லாபம் எழுதாமல் விட்ட அந்த இடங்களில்தான் இருக்கிறது. அதற்காக அவரைத் திட்ட வேண்டியதில்லை. கேட்டால் எழுதித் தருவார். என்ன கேட்பது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வேலைக்கோ படிப்புக்கோ இந்த ஊருக்கு வந்து, முதன்முறையாக ஒரு கேமிங் பிசி அசெம்பிள் செய்யப் பார்க்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அலைந்தவர்களுக்கு எஸ்.பி. ரோடு புதிதாகத் தெரியாது. அதே நெரிசல், அதே மாடிப்படிக் கடைகள். தமிழ் பேசும் கடைக்காரர்களும் கடைப் பையன்களும் நிறையப் பேர் உண்டு. அதனால் மொழியைப் பற்றிக் கவலை வேண்டாம். சீட்டை வரிவரியாகப் பார்ப்போம்.

சீட்டுக்கு முன்னால்: எந்த கேம், எந்த மானிட்டர்?

சீட்டில் மானிட்டரே இல்லை, கவனித்தீர்களா? முதலில் முடிவு செய்ய வேண்டியது அதுதான். மற்ற எல்லாச் செலவும் அதைப் பொறுத்தே ஏறும், இறங்கும்.

எஃப்பிஎஸ் என்பது உங்கள் பிசி ஒரு வினாடியில் எத்தனை படங்களை வரைந்து தள்ளுகிறது என்ற கணக்கு. மானிட்டர் பெட்டியில் போட்டிருக்கும் ஹெர்ட்ஸ், அந்தத் திரை ஒரு வினாடியில் எத்தனை முறை படத்தை மாற்றிக் காட்ட முடியும் என்பது. பிசி 140 படம் வரைந்தாலும் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் திரையில் வருவது 60 தடவைதான். 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் 16.7 மில்லிசெகண்ட் நிற்கும், 144 ஹெர்ட்ஸில் 6.9 மில்லிசெகண்ட். வாலரண்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரி சுட்டு விளையாடும் கேம்களில் இந்த வித்தியாசம் கண்ணுக்கும் கைக்கும் நன்றாகவே தெரியும். கதையோடு போகும் கேம்களில் 60 இருந்தாலே நிம்மதியாக ஆடலாம்.

அடுத்தது ரெசல்யூஷன். 1080பி என்றால் 1920-க்கு 1080, அதாவது சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி சுமார் 36.9 லட்சம். 4கே என்றால் ஏறக்குறைய 83 லட்சம், 1080பி-யைப் போல நான்கு மடங்கு. அத்தனை புள்ளியையும் ஒவ்வொரு படத்துக்கும் கிராபிக்ஸ் கார்டு கணக்குப் போட்டு வரைய வேண்டும். 4கே மானிட்டர் ஆஃபரில் கிடைக்கிறது என்று எடுத்துவிட்டு, அதற்கு ஈடுகொடுக்கும் கார்டின் விலையைப் பார்த்து மயங்கி விழுந்தவர்கள் உண்டு.

முதல் பிசிக்கு 24 இன்ச், 1080பி, 144 ஹெர்ட்ஸுக்குக் குறையாத ஐபிஎஸ் வகைத் திரை (பேனல்) போதும் என்பது என் கருத்து. அதே மானிட்டரில் ஆபீஸ் வேலையும் பார்ப்பீர்கள், காசும் கொஞ்சம் இடம்கொடுக்கிறது என்றால் 27 இன்ச் 1440பி. 27 இன்ச்சில் 1080பி மட்டும் வேண்டாம், எழுத்து பிசிறுபிசிறாகத் தெரியும். விஏ என்ற இன்னொரு வகை பேனலில் கறுப்பு ஆழமாக இருக்கும், ஆனால் மலிவான விஏ பேனல்களில் இருட்டுக் காட்சி வேகமாக நகரும்போது இழுத்துப் பூசினது போல ஆகிவிடும். பெட்டியில் '1 மில்லிசெகண்ட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஃப்ரீசிங்க் அல்லது ஜி-சிங்க் கம்பாட்டிபிள் என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கார்டின் வேகம் ஏறி இறங்கும்போது மானிட்டரும் கூடவே ஏறி இறங்கும் வசதி அது. இருந்தால் படம் குறுக்கே கிழிந்து தெரியாது.

கிராபிக்ஸ் கார்டு வரி

பட்ஜெட்டில் மிகப் பெரிய துண்டு இதற்குத்தான் போகும், போகவும் வேண்டும். பேச்சு விளையாட்டு அதிகம் நடப்பதும் இந்த வரியில்தான்.

"4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு" என்பது கார்டின் பெயரே இல்லை. அந்த 4 ஜிபி கார்டுக்குள் இருக்கும் வி-ராம், படங்களையும் டெக்ஸ்சர்களையும் (கேமில் சுவர், தரை, உடை மேல் ஒட்டப்படும் படங்கள்) வைத்துக்கொள்ளும் இடம். வேலை செய்வது அதன் பக்கத்தில் இருக்கும் சிப். 4 ஜிபி டிடிஆர்3 மெமரி போட்ட ஜிடி 730 கார்டு கடைகளில் கிடைக்கும். அந்த சிப் 2014-ல் வந்தது, அன்றைக்கே அது கேமிங்குக்கான கார்டு இல்லை. "4 ஜிபி கார்டு சார், எல்லா கேமும் ஓடும்" என்று எடுத்து நீட்டப்படுவது சில சமயம் அதுவாக இருக்கும். மெமரி எவ்வளவு என்பதற்கு முன், முழு மாடல் பெயரைக் கேளுங்கள்.

பெயரைப் படிப்பது கஷ்டமில்லை. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் இருக்கும் 40 தலைமுறை, பின்னால் இருக்கும் 60 அந்தத் தலைமுறைக்குள் அதன் இடம். 50 அடிப்படி, 60 நடுத்தரம், 70, 80, 90 மேலே போகப் போக விலையும் மேலே போகும். பின்னால் 'டிஐ' அல்லது 'சூப்பர்' ஒட்டியிருந்தால் அதே எண்ணின் கொஞ்சம் வலுவான அண்ணன். ஆர்டிஎக்ஸ் என்ற பெயர் 2018-ல் 20 வரிசையோடு வந்தது. அதற்கு முந்தையவை ஜிடிஎக்ஸ். ஏஎம்டி கார்டுகள் ஆர்எக்ஸ் என்று தொடங்கும். பழைய ஆர்எக்ஸ் 6600, 7600 எல்லாம் ஒரு கணக்கு. 2025-ல் 9060 எக்ஸ்டி, 9070 என்று பெயர் வைக்கும் முறையையே மாற்றிவிட்டார்கள். இன்டெலின் ஆர்க் கார்டுகளும் உண்டு. புதிதாகத் தொடங்குபவருக்கு என்விடியாவோ ஏஎம்டியோ போதும், டிரைவர் தலைவலி குறைவு.

ஒரே பெயரில் இரண்டு கார்டு வரும், இங்கேதான் ஏமாறுவோம். ஆர்டிஎக்ஸ் 3050-ஐப் பாருங்கள். 2022-ல் வந்தது 8 ஜிபி, 130 வாட் இழுக்கும். 2024-ல் வந்தது 6 ஜிபி, 70 வாட். குறைந்தது மெமரி மட்டுமில்லை, உள்ளே கணக்குப் போடும் கோர்களும் 2560-லிருந்து 2304 ஆகிவிட்டன. சீட்டில் இரண்டுக்கும் 'ஆர்டிஎக்ஸ் 3050' என்றுதான் எழுதியிருக்கும். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டுமே 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு வகையில் வருகின்றன. பணம் எட்டினால் 16-ஐ எடுங்கள். புதிய பெரிய கேம்களில் டெக்ஸ்சரை உயர்த்தி வைத்தால் 8 ஜிபி நிரம்பிவிடும். நிரம்பியதும் படம் திக்கித் திக்கி வரும். சராசரி எஃப்பிஎஸ் 70 என்று காட்டும், ஆனால் திரும்பும் இடத்திலெல்லாம் ஒரு இடறல். விமர்சன வீடியோக்களில் '1 பர்சன்ட் லோ' என்று ஒரு எண் காட்டுவார்களே, அது இந்த இடறலைத்தான் அளக்கிறது. சராசரியைவிட அந்த எண்ணைப் பாருங்கள்.

ரே டிரேசிங் என்பது வெளிச்சமும் நிழலும் நிஜத்தில் விழுவது போலக் கணக்குப் போடுவது. அழகு, ஆனால் கார்டைப் பிழிந்துவிடும். நடுத்தரக் கார்டில் அதை அணைத்துவிட்டு ஆடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் ஆகியவை படத்தைச் சின்ன அளவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் தந்திரம், உண்மையிலேயே உதவும். ஃப்ரேம் ஜெனரேஷன் வேறு. அது வரைந்த இரண்டு படங்களுக்கு நடுவில் ஒரு படத்தைத் தானே கற்பனை செய்து செருகுகிறது. எஃப்பிஎஸ் எண் கூடும், ஆனால் நீங்கள் மவுஸை அசைத்தது திரையில் தெரியும் நேரம் குறையாது, கொஞ்சம் கூடவும் செய்யும். "இந்தக் கார்டு 200 எஃப்பிஎஸ் கொடுக்கும்" என்று யாராவது சொன்னால், ஃப்ரேம் ஜெனரேஷன் போட்டா, போடாமலா என்று கேளுங்கள்.

லேப்டாப் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லேப்டாப்பில் வரும் ஆர்டிஎக்ஸ் 4060-க்கும் டெஸ்க்டாப் ஆர்டிஎக்ஸ் 4060-க்கும் பெயர் ஒன்று, வேகம் ஒன்றில்லை. லேப்டாப்புக்கானதை 35 வாட் முதல் 115 வாட் வரை எப்படி வேண்டுமானாலும் கம்பெனி அமைத்துக்கொள்ளலாம். 'டிஜிபி எத்தனை வாட்', அதாவது கார்டு எவ்வளவு மின்சாரம் இழுக்க அனுமதி, என்று பார்க்காமல் கேமிங் லேப்டாப் வாங்கக் கூடாது. பிஜி-யில் (பேயிங் கெஸ்ட் விடுதியில்) இருக்கிறவர்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறை மாறுகிறவர்கள் லேப்டாப் எடுப்பதில் நியாயம் இருக்கிறது. மற்றவர்களுக்கு அதே காசில் டெஸ்க்டாப் கூடுதலாகவே தரும்.

பிராசசர் வரி

பெங்களூருக்கே உரிய ஒரு சங்கதி இது. இங்குள்ள ஐடி கம்பெனிகள் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்களைக் கட்டுக்கட்டாகக் கழித்துவிடும். அவை துடைக்கப்பட்டு, ஒரு எஸ்எஸ்டி மாற்றப்பட்டு, 'ஐ7, 16 ஜிபி, கேமிங் பிசி' என்ற பெயரில் மலிவாக விற்பனைக்கு வரும். ஐ7 என்றதும் பெரியது என்று நினைத்துவிடுகிறோம். அந்த ஐ7 பெரும்பாலும் 4790 மாதிரி நான்காம் தலைமுறை, 2014-ல் வந்தது. 2022-ல் வந்த ஐ3 12100எஃப், அதே நான்கு கோர்தான், சாதாரணமாக அதைத் தாண்டிப் போய்விடும். விண்டோஸ் 11-க்கு இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றில் முறையான ஆதரவும் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது.

ஆகவே ஐ5, ஐ7 என்பதை விட்டுவிட்டு பின்னால் வரும் எண்ணைப் படியுங்கள். ஐ5 12400எஃப் என்றால் 12 தலைமுறை, 400 அதன் இடம், கடைசி எழுத்து அதன் குணம். எஃப் இருந்தால் பிராசசருக்குள் கிராபிக்ஸ் கிடையாது, கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது. கே இருந்தால் வேகத்தை நாமே கூட்டிக்கொள்ளலாம், முதல் பிசிக்கு அது தேவையில்லை. புதிய இன்டெல் பிராசசர்கள் 'கோர் அல்ட்ரா 5 225எஃப்' என்பது போலப் பெயர் மாறி வருகின்றன. கடைசி எழுத்தின் பொருள் மாறவில்லை.

ஏஎம்டியின் ரைசனில் 5600, 7600 என்று வரும், முதல் எண் வரிசை. ஜி என்று முடிந்தால் (5600ஜி, 8600ஜி) உள்ளேயே ஓரளவு நல்ல கிராபிக்ஸ் இருக்கும். இப்போது கார்டு வாங்கக் காசு போதவில்லை, ஆறு மாதம் கழித்துப் போடலாம் என்பவர்களுக்கு இதுதான் வழி. வாலரண்ட் அளவுக்கு ஆட்டம் நடந்துவிடும். எக்ஸ்3டி என்று முடிந்தால் பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான கேஷ் மெமரி அதிகம், கேமிங்குக்கென்றே வந்தது. விலையும் அப்படியே.

பிராசசர் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? ஆறு கோர் உள்ள, கடந்த சில வருடங்களுக்குள் வந்த ஒன்று போதும். ஐ9 வாங்கி அதோடு 50-ல் முடியும் கார்டு போடுவதைவிட, ஐ5 வாங்கி 60, 70-ல் முடியும் கார்டு போடுவது எவ்வளவோ மேல். ஆட்கள் 'பாட்டில்நெக்' என்று பயமுறுத்துவார்கள். பிராசசர் கார்டைத் தாமதப்படுத்துகிறது, அல்லது கார்டு பிராசசரைக் காக்க வைக்கிறது என்பதுதான் அது. எந்தப் பிசியிலும் ஏதாவது ஒன்று மற்றதற்காகக் காத்துக்கொண்டுதான் இருக்கும். 1080பி-யில் போட்டி கேம் ஆடும்போது பிராசசர் திணறும். 1440பி-யில் பெரிய கேம் ஆடும்போது கார்டு திணறும். அளவுக்கு மீறிப் பொருத்தமில்லாத ஜோடியைச் சேர்க்காமல் இருந்தால் சரி.

கடையில் 'பாக்ஸ் பீஸ்', 'டிரே பீஸ்' என்று இரண்டு விலை சொல்வார்கள். டிரே என்றால் கம்பெனிப் பெட்டி இல்லாமல் தட்டில் வந்த பிராசசர். வாரண்டி பெரும்பாலும் கடை தருவது மட்டும், காலமும் குறைவு, கூலரும் வராது. விலை வித்தியாசம் சின்னது என்றால் பாக்ஸ் பீஸையே வாங்குங்கள்.

மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி

மதர்போர்டில் பார்க்க வேண்டியது சாக்கெட், பிராசசர் உட்காரும் இடம். இன்டெல் 12, 13, 14 தலைமுறைகள் எல்ஜிஏ 1700, கோர் அல்ட்ரா 200 வரிசை எல்ஜிஏ 1851. ஏஎம்டியில் ஏஎம்4 பழையது, டிடிஆர்4 ராம். 2022-ல் வந்த ஏஎம்5-க்கு டிடிஆர்5 மட்டும்தான். ஏஎம்5-ஐக் குறைந்தது 2027 வரை தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. நாளைக்குப் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ள நினைப்பவர்களுக்கு அது நல்ல செய்தி. இன்டெலுக்கான பி760 மாதிரி போர்டுகளில் டிடிஆர்4 ஒரு மாடல், டிடிஆர்5 ஒரு மாடல் எனத் தனித்தனியாக வரும். ராமின் வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றில் மற்றது நுழையாது. போர்டின் பெயரைச் சீட்டில் எழுதி வாங்குங்கள், ராம் வகையையும் சேர்த்து.

ராம் 16 ஜிபி தேவை, முடிந்தால் 32. இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று.

"அண்ணா, 16 ஜிபி ஒரே ஸ்டிக்கா, ரெண்டு எட்டா?"

"ஒண்ணுதான் தம்பி. அப்புறம் இன்னொண்ணு போட்டுக்கலாம்."

இந்த 'அப்புறம்' வருவதே இல்லை. இரண்டு ஸ்டிக் போட்டால் பிராசசர் இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் ராமோடு பேசும், அதுதான் டூயல் சேனல். ஒன்று மட்டும் இருந்தால் கேமில் எஃப்பிஎஸ் நன்றாகவே குறையும். கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ஜி வகை பிராசசரில் ஆடுபவர்களுக்கு அடி இன்னும் பலம், ஏனென்றால் உள்ளிருக்கும் கிராபிக்ஸுக்கும் அந்த ராம்தான் மெமரி. நான்கு இடமுள்ள போர்டில், பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடச் சொல்லுங்கள். வேகம் டிடிஆர்4 என்றால் 3200, ஏஎம்5 போர்டில் டிடிஆர்5 என்றால் 6000 நல்ல கணக்கு. 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை வாரிக்கொண்டு போனதில் ராம் விலை தாறுமாறாக ஏறியது. அதனால் பழைய வீடியோவில் பார்த்த விலையை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள், அன்றைய ரேட்டை இரண்டு மூன்று கடையில் கேளுங்கள்.

எஸ்எஸ்டி-யில் '512 எஸ்எஸ்டி' என்றால் சாட்டாவா, என்விஎம்இ-யா என்று கேளுங்கள். எஸ்எஸ்டி மதர்போர்டோடு பேசும் இரண்டு முறைகள் அவை. சாட்டா வினாடிக்கு சுமார் 550 எம்பி, என்விஎம்இ ஜென்3 சுமார் 3500, ஜென்4 சுமார் 7000 வரை. எம்.2 என்பது வடிவத்தின் பெயர்தான், சாட்டாவும் அந்த வடிவத்தில் வரும். கேமில் ஜென்3-க்கும் ஜென்4-க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. அதனால் வேகத்துக்குக் காசு கொடுப்பதைவிட அளவுக்குக் கொடுங்கள். 100 ஜிபி-யைத் தாண்டும் கேம்கள் சாதாரணமாகிவிட்ட காலத்தில் 512 மூன்று கேமோடு நிரம்பிவிடும், 1 டிபி எடுங்கள். விண்டோஸில் அது 931 ஜிபி என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, எஸ்எஸ்டி கம்பெனி எண்ணும் முறை வேறு, விண்டோஸ் எண்ணும் முறை வேறு.

எஸ்எம்பிஎஸ்: எல்லோரும் தாண்டிப் போகும் வரி

பட்ஜெட் இடித்தால் முதலில் வெட்டு விழுவது இங்கேதான். வெட்டக் கூடாத இடமும் இதுதான். 230 வோல்ட் கரண்டைப் பிசிக்கு வேண்டிய மின்சாரமாக மாற்றித் தரும் பெட்டி இது. இது கெட்டால் தான் மட்டும் போகாது, சில சமயம் மதர்போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

கேபினெட்டோடு சும்மா தரும் '450 வாட்' பெட்டியில் அந்த 450 ஸ்டிக்கரில் மட்டும்தான் இருக்கும். கையில் தூக்கிப் பார்த்தாலே தெரியும், காலி டிபன் டப்பா மாதிரி லேசாக இருக்கும். கிராபிக்ஸ் கார்டுக்குத் தேவையான 8 பின் ஒயர் பல சமயம் அதில் இருக்காது. பெயருள்ள கம்பெனியில், 80 பிளஸ் பிரான்ஸ் அல்லது அதற்கு மேல், ஐந்து வருடமாவது வாரண்டி உள்ளதாக வாங்குங்கள். பிரான்ஸ், கோல்டு என்பது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்ற அளவுதான், தரத்துக்கான முழுச் சான்று இல்லை. ஆனாலும் அந்த முத்திரைகூட இல்லாததைத் தொடாதீர்கள்.

வாட் கணக்கு சுலபம். ஆர்டிஎக்ஸ் 4060 என்றால் 115 வாட், 5060 என்றால் 145, 5070 என்றால் 250. ஐ5 12400எஃப் முழு வேகத்தில் 117 வரை இழுக்கும். போர்டு, ஃபேன், எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்து ஒரு 50 முதல் 70. ஆக 60-ல் முடியும் கார்டுக்கு 550 வாட் தாராளம், 70-ல் முடிவதற்கு 650. 850 வாட் வாங்கினால் கரண்ட் பில் கூடிவிடும் என்று பயப்பட வேண்டாம், பிசி எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவுதான் இழுக்கும்.

முன்னால் சொன்ன கழித்துவிடப்பட்ட ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் இன்னொரு சிக்கல் இங்கே. அந்தச் சின்ன டப்பாக்களில் எஸ்எம்பிஎஸ் கம்பெனிக்கே உரிய வடிவத்தில் இருக்கும், வெளியில் வாங்கி மாற்ற முடியாது, கார்டுக்கான தனி ஒயரும் இருக்காது. மதர்போர்டின் ஸ்லாட் வழியாக அதிகபட்சம் 75 வாட்தான் கிடைக்கும். அதில் ஓடக்கூடியது 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி மாதிரியான கார்டுகள், அதிலும் உயரம் குறைந்த மாடல் கிடைத்தால்தான் உள்ளே அடங்கும்.

அப்புறம் எர்த்திங். பழைய வாடகை வீடுகளிலும் சில பிஜி-களிலும் மூன்று பின் பிளக் இருக்கும், எர்த் ஒயர் இருக்காது. காலில் செருப்பில்லாமல் கேபினெட்டின் இரும்பைத் தொட்டால் சுள்ளென்று லேசாகக் குத்தும். பிசி கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம், முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்திங் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று பின்னை இரண்டு பின்னாக்கும் அடாப்டரை வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள்.

மழை நாட்களில் கரண்ட் போய் வருவது இங்கே சகஜம் என்பதால் யூபிஎஸ் கேட்பார்கள். 600 விஏ என்று விற்பது பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். மானிட்டரையும் சேர்த்தால் கேம் நடுவில் கரண்ட் போகும் நேரத்தில் யூபிஎஸ்ஸும் கையை விரித்துவிடும். 1000 விஏ, அதாவது சுமார் 600 வாட் எடுங்கள். கேமைச் சேவ் செய்து அணைக்கத்தான் யூபிஎஸ், அதில் ஆடுவதற்கு இல்லை.

கேபினெட்

முன்பக்கம் வலை இருக்க வேண்டும், காற்று உள்ளே போக வேண்டும். முழுக்கக் கண்ணாடி போட்டு உள்ளே ஏழு கலரில் எரியும் பெட்டி கடையில் பார்க்க ஜோராக இருக்கும், உள்ளே வெந்துகொண்டிருக்கும். முன்னால் இரண்டு ஃபேன், பின்னால் ஒன்று. கார்டின் நீளம் எத்தனை மில்லிமீட்டர், கேபினெட் எவ்வளவு இடம் தருகிறது என்று மட்டும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். சென்னையோடு பார்த்தால் இந்த ஊர் வெயில் ஒன்றுமே இல்லை. ஐ5, ரைசன் 5 அளவுக்கு வாட்டர் கூலிங் வேண்டாம், அந்தக் காசைக் கார்டில் போடுங்கள்.

கடையில்

பச்சை லைனில் சிக்பேட் அல்லது கே.ஆர். மார்க்கெட் ஸ்டேஷனில் இறங்கி நடக்கலாம். வண்டியில் போனால் நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். வாரநாள் காலையில் போனால் கடைக்காரருக்குப் பேச நேரம் இருக்கும்.

முழு மாடல் பெயர்களோடு சீட்டை நீங்களே எழுதிக்கொண்டு போய், மூன்று கடையில் அதே சீட்டுக்கு விலை கேளுங்கள். அப்போதுதான் ஒப்பிட முடியும். "அந்த மாடல் ஸ்டாக் இல்ல, இது அதவிட பெஸ்ட்" என்றால் அந்த இன்னொன்றின் முழுப் பெயரையும் எழுதி வாங்கி, வெளியே ஒரு காபி குடித்தபடி போனில் தேடிப் பாருங்கள். உடனே தலையாட்ட வேண்டாம்.

"பில் இல்லாம எடுத்தா 18 பர்சன்ட் குறையும்" என்ற பேச்சு வரும். வேண்டாம். கார்டுக்கு மூன்று வருட வாரண்டி என்றால், அந்த மூன்று வருடமும் உங்களிடம் இருக்க வேண்டியது தேதியும் சீரியல் நம்பரும் போட்ட ஜிஎஸ்டி பில். பில்லில் 'கம்ப்யூட்டர் 1 நம்பர்' என்று மொத்தமாக எழுதாமல், ஒவ்வொரு சாமானும் தனி வரியில் வரச் சொல்லுங்கள். பெட்டியில் இருக்கும் சீரியல் நம்பரும் சாமானில் இருப்பதும் ஒன்றா என்று உங்கள் முன்னாலேயே பிரித்துக் காட்டச் சொல்வது மரியாதைக் குறைவு இல்லை. விண்டோஸ் 'போட்டுத் தர்றோம்' என்பார்கள். லைசென்ஸ் விலை சீட்டில் இல்லையென்றால் அது ஒரிஜினல் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செகண்ட் ஹேண்ட் கார்டு பார்ப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். பழைய சிப்பின் பயாஸை (கார்டுக்குள் பதிந்திருக்கும் மென்பொருளை) மாற்றி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று காட்டும் போலிகள் உண்டு. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் பெயருக்கு முன் 'ஃபேக்' என்று காட்டிக்கொடுத்துவிடும். ஆர்எக்ஸ் 580 என்று விற்பதில் 2304 கோருக்குப் பதில் 2048 உள்ள 2048எஸ்பி வகையும் கலந்திருக்கும். கிரிப்டோ மைனிங்கில் ராப்பகலாக ஓடிய கார்டுகளும் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கும். கடையிலேயே மாட்டி, கால் மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டாமல் காசைக் கொடுக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்த முதல் நாள்

மானிட்டர் ஒயரை மதர்போர்டில் செருகாமல், கீழே கிடைமட்டமாக இருக்கும் கிராபிக்ஸ் கார்டின் போர்ட்டில் செருகுங்கள். மேலே செருகிவிட்டு "கார்டு வேலை செய்யல" என்று கடைக்குப் போன் போடுகிறவர்கள் அதிகம். எஃப் வகை பிராசசர் என்றால் மேலே செருகினால் திரை கறுப்பாகவே இருக்கும்.

பிறகு மதர்போர்டின் பயாஸில், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் செட்டிங் பக்கத்தில் நுழையுங்கள், பெரும்பாலும் ஆன் ஆகும்போது டெலீட் கீயைத் தட்டினால் போதும். எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்று இருப்பதை ஆன் செய்யுங்கள். அதைச் செய்யாவிட்டால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய 6000 ராம் 4800-லேயே ஓடிக்கொண்டிருக்கும், யாரும் சொல்ல மாட்டார்கள். வாலரண்ட் ஆடுபவர்கள் அங்கேயே டிபிஎம், செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் ஆனில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். விண்டோஸ் 11-ல் அவை இல்லாமல் கேம் திறக்காது.

விண்டோஸில் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் ஹெர்ட்ஸை 144-க்கு மாற்றுங்கள். தானாக 60-ல் நிற்கும், மாதக்கணக்கில் 60-லேயே ஆடிக்கொண்டு "144 ஒண்ணும் பெரிசா தெரியல" என்பவர்கள் உண்டு. கார்டு டிரைவரை என்விடியா அல்லது ஏஎம்டி தளத்திலிருந்தே இறக்குங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து பிராசசர், ராம் வேகம், கார்டு பெயர் மூன்றையும் பில்லோடு ஒத்துப் பாருங்கள். ஒரு மணி நேரம் கேம் ஓட்டி, எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் சூட்டைக் கவனியுங்கள். பிராசசர் 70, 80 டிகிரி வந்தால் பயமில்லை. 95-ஐத் தொட்டுக்கொண்டே இருந்தால் கூலர் சரியாக உட்காரவில்லை, அல்லது அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டிவிட்டார்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் ஆன்லைன் கேமில் எதிராளி சுவருக்குப் பின்னாலிருந்து சுடுவது போல இருந்தால் அது பிங். உங்கள் வீட்டிலிருந்து சர்வருக்குத் தகவல் போய் வரும் நேரம் அது. வாலரண்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 இரண்டுக்கும் மும்பையில் சர்வர் இருக்கிறது. வாலரண்டில் ஆட்டம் தேடும் முன் அதைத் தேர்ந்தெடுங்கள், கவுன்டர் ஸ்ட்ரைக் 2-ல் செட்டிங்கில் அதிகபட்ச பிங்கைக் குறைத்து வையுங்கள். வைஃபையை விட்டுவிட்டு ரவுட்டரிலிருந்து லேன் ஒயர் இழுங்கள். பிங்கைக் குறைக்கும் கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று கிடையாது, யாராவது சொன்னால் கடையை மாற்றுங்கள்.

பெட்டிகளை எறிந்துவிடாதீர்கள். வாரண்டிக்கு அனுப்பும்போது கார்டின் பெட்டி கேட்பார்கள். லீஸ் முடிந்து வீடு மாறும்போது கார்டைக் கழற்றி அதன் பெட்டியிலேயே வைத்து எடுத்துப் போங்கள். மாட்டியபடியே கேபினெட்டை டெம்போவில் ஏற்றினால், ரோட்டுப் பள்ளம் ஒவ்வொன்றிலும் அந்தக் கனமான கார்டு மதர்போர்டின் ஸ்லாட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே வரும்.